மடித்த தாளின் வலது பாதி

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் கப்பலில் ஊர்காவற்றுறைக்கு வந்து, அங்கிருந்து வள்ளம் மாறி, மூன்று கிழமை கழித்து நேற்றுக் காலை நயினாதீவில் என் கைக்குக் கிடைத்தது. வழக்கமாக நீ சுகம் விசாரித்துத்தான் தொடங்குவாய். இந்த முறை அந்த ஒரு வரி கூட இல்லை. தாளை நெடுக்காக நடுவில் மடித்து, இடது பாதியில் கோப்பின் விவரத்தோடு ஒரு கேள்வியை எழுதி, வலது பாதியை வெறுமையாக விட்டிருந்தாய். கணக்காய்வுக் கந்தோரில் ஆயுசில் பாதியைக் கழித்தவனுக்கு அந்த மடிப்பு என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. இடப்பக்கம் கேட்கிறவருக்கு, வலப்பக்கம் பதில் சொல்கிறவருக்கு. ஐயவினா என்று அதற்குப் பெயர். என் மகன் எனக்கு ஓர் ஐயவினா அனுப்பியிருக்கிறான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கோப்பில், ஒரு பிணைக் கடிதம் பற்றிக் கேட்ட ஐயவினாவின் வலப்பக்கத்தில் ‘பதில் கிடைத்தது, திருப்தி’ என்று எழுதியிருப்பது தாங்கள்தானா என்று கேட்டிருக்கிறாய். தாங்கள் என்று போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே பென்சிலால், சின்ன எழுத்தில், “அப்பா, எழுத்து ஆருடையது எண்டு விளங்கேல்லை எண்டு போட்டுவிடலாம். நீங்கள் ஓம் எண்டால் போடுறன்” என்று இருந்தது. பேனையால் எழுதியவர் கணக்காய்வுப் பரீட்சகர். பென்சிலால் எழுதியது என் பிள்ளை. இரண்டு பேரில் யாருக்குப் பதில் எழுதுவது என்று நேற்று முழுக்க எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் மத்தியான வள்ளத்துக்கு முன்னால் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா குசினிக்குள்ளிருந்து, “என்னவாம் பிள்ளை, சுகமாய் இருக்கிறானோ?” என்று கேட்டாள். மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மறைத்து மறைத்துத்தானே இந்த இடத்தில் வந்து நிற்கிறேன் என்று தோன்றியதால் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கை கழுவிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். “இஞ்சருங்கோ, பென்சிலாலை எழுதினதுக்கு மட்டும் பதில் எழுதுங்கோ. மற்றது உங்கட கந்தோர்க் கரைச்சல். அந்தப் பென்சன் நிண்டால் இஞ்சை என்னத்தைத் தின்னுறது? பிள்ளையின்ர வேலைக்கும் உலை வைச்சிடாதேங்கோ” என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. சண்டைக்குப் பயந்து விட்டுவந்த நாரந்தனை வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று கூடத் தெரியாது. இங்கே அவளுடைய சொந்தக்காரர் விட்டுத் தந்த இரண்டு அறைகளில் இருக்கிறோம். மாதத்தில் ஒருநாள் தபாற்கந்தோர்ப் படியேறினால்தான் அடுப்பு எரியும்.

இந்த மடித்த தாள் கந்தோரில் புழங்கியதைவிட எங்கள் வீட்டில்தான் அதிகம் புழங்கியது, உனக்கு நினைவிருக்கும். கொழும்பிலிருந்து நான் மாதம் ஒருமுறைதான் நாரந்தனைக்கு வருவேன். இடையில் போடும் கடிதங்களையும் இப்படி மடித்துத்தான் எழுதுவேன். இடப்பக்கத்தில், கிணற்றுத் துலாவைத் திருத்தியாயிற்றா, பனங்காணிக்கு வேலி அடைத்தார்களா, பிள்ளைக்குச் சளி எப்படி என்று கேள்விகள். உன் அம்மா வலப்பக்கத்தில் பதில் எழுதி அதே தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் ஒருநாளும் தன் பக்கத்துக்குள் நின்றதில்லை. மடிப்பைத் தாண்டி வந்து என் கேள்விகளுக்கு மேலேயே எழுதிவிடுவாள். “பெண்சாதிக்கு ஐயவினா அனுப்புற மனுசனை இப்பதான் காணுறன்” என்று ஒருமுறை தாள் முழுவதும் குறுக்கே எழுதியிருந்தாள். நீதான் ஒழுங்கு. ஏழு வயதிலேயே கோட்டுக்குள் நின்று, ‘ஓம் போனனான்’, ‘பல்லு விழுந்திட்டுது’ என்று பதில் எழுதுவாய். பெரிய பரீட்சகராக வருவான் என்று கந்தோரில் எல்லாருக்கும் காட்டிப் பெருமையடிப்பேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதானபோது, அந்த எண்பத்து மூன்றின் தொடக்கத்தில், ஒரு தாள் வந்தது. நான் கேட்ட எதற்கும் நீ பதில் எழுதவில்லை. வலப்பக்கத்தில் ‘அப்பா எப்ப இஞ்சையே வந்து இருப்பீங்கள்?’ என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாய். பதில் எழுத வேண்டிய இடத்தில் கேள்வி எழுதினால் எங்கள் கந்தோரில் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் அதைத் திருப்பி அனுப்பவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். யாழ்ப்பாணக் கிளைக்கு மாற்றம் கேட்டு மூன்று வருசமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன், அது எந்த மேசையில் தூங்கியதோ.

அப்போது நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை, அதே கதிரையில்தான் இப்போது நீ இருக்கிறாய். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். நாடு கடன் வாங்கும்போது கையெழுத்து வைப்பவர் ஓர் ஆள். கட்டுகிறவர்கள் எல்லாரும், இன்னும் பிறக்காத பிள்ளைகளும் சேர்த்து. அதனால்தான் பாராளுமன்றத்தில் வைத்து, சம்மதம் வாங்கிய பிறகே கையெழுத்து விழ வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இன்னொருவர் வாங்கும் கடனுக்கு அரசாங்கம் பிணை நிற்பதென்றாலும் அப்படித்தான். அந்தச் சம்மதம் கோப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் மேசையின் வேலை. இருந்தால் ஒரு பச்சைக் கோடு. இல்லாவிட்டால் ஐயவினா. எங்களுக்குத் தண்டிக்க அதிகாரம் இல்லை, கேட்க மட்டும்தான். பதில் வராவிட்டால் வலப்பக்கத்தில் ‘பதில் கிடைக்கவில்லை’ என்று எழுதி அறிக்கையில் சேர்ப்போம், அது பாராளுமன்றக் குழுவுக்குப் போகும். அவர்கள் அதை வாசிக்கும் காலத்தில் கையெழுத்து வைத்தவர் ஓய்வு பெற்றிருப்பார்.

இதை ஒருமுறை உன் அம்மாவுக்குச் சொன்னபோது, “இதுக்கொரு சட்டமோ? ஊரிலை ஒருத்தனுக்குப் பிணை நிக்கிறதெண்டாலும் வீட்டிலை கேட்டிட்டுத்தானே நிக்கிறது” என்றாள். நான் பெரிதாகச் சிரித்தேன். அந்த நேரத்தில் நானே அவளிடம் கேட்காமல் ஒருவருக்குப் பிணை நின்றிருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நீ கண்டெடுத்த கோப்பு இதுதான். அரச கூட்டுத்தாபனம் ஒன்று இயந்திரங்கள் வாங்க வெளிநாட்டு வங்கியில் கடன் எடுத்தது. அது கட்டாவிட்டால் அரசாங்கம் கட்டும் என்று ஒரு பிணைக் கடிதம் போயிருந்தது. கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. பாராளுமன்றத்தில் வைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இரண்டு நாள் தேடிவிட்டு ஐயவினா எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. ஒரு பின்னேரம் எங்கள் மேலதிகாரி பியதாச ஐயா என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல என் நாக்கு வராது. தேத்தண்ணீர் தந்து, உன்னைப் பற்றி விசாரித்தார். மேசையில் இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அந்தப் பிணைக் கடிதக் கோப்பு. மற்றது என் மாற்ற விண்ணப்பம். “இரண்டுமே கனநாளாக முடியாமல் கிடக்கின்றன” என்றார். அவ்வளவுதான்.

மகனே, நான் இன்றுவரை தடுமாறுகிற இடம் இது. அவர் எதையும் கேட்கவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, காசு தரவில்லை. ஒருவேளை அவர் உண்மையாகவே இரண்டு வேலையும் முடியாமல் இருப்பதைத்தான் சொன்னாரோ என்னவோ. நானாகத்தான் விளங்கிக்கொண்டேன். என் மேசைக்குப் போய், பதில் சொல்ல வேண்டியவர்கள் எழுத வேண்டிய பக்கத்தில் நானே ‘பதில் கிடைத்தது, திருப்தி’ என்று எழுதித் திகதி போட்டேன். கேள்வியும் நான், பதிலும் நான். இரண்டு கிழமையில் மாற்றக் கடிதம் வந்தது. உன் சின்னக் கேள்விக்கு அந்தப் பொய்யால்தான் பதில் எழுதினேன். இதை உன் தலையில் போடுவதற்காகச் சொல்லவில்லை. நீ கேட்டது பிள்ளை கேட்கிற கேள்வி, நான் எழுதியதுதான் பிழை.

வைகாசியில் நாரந்தனைக்கு வந்து சேர்ந்தேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் பெட்டியைத் திறந்து பார்த்து, “எல்லா உடுப்பும் கொண்டந்திட்டீங்களோ?” என்று கேட்டது நினைவிருக்கிறதா? அன்றைக்கு இருந்த சந்தோசம் எனக்குப் பிறகு ஒருநாளும் வந்ததில்லை.

என் மேசைக்கு வந்தவர் சிவராசா. வடமராட்சிப் பக்கம், இருபத்தாறு வயது, உன் இப்போதைய வயதைவிட இரண்டுதான் கூட என்று நினைக்கும்போது என்னவோ செய்கிறது. அவரை அந்த மேசைக்குச் சிபாரிசு செய்தது நான். வெள்ளவத்தையில் நான் இருந்த அறையையும் அவருக்கே வாங்கிக் கொடுத்தேன். அவர் கந்தோரில், சம்பளத்தில் கழிக்கிறபடி எடுத்த இடர்கடனுக்குப் பிணை நின்றதும் நான்தான். தங்கச்சியின் கலியாணத்துக்கு எடுத்தார். உன் அம்மாவுக்குச் சொல்லாமல் நின்ற பிணை அதுதான்.

ஆனி கடைசியில் சிவராசாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் பழக்கப்படியே மடித்த தாள். இடப்பக்கத்தில், ‘அண்ணை, அந்தப் பிணைக் கடிதக் கோப்பிலை பதில் கிடைத்தது எண்டு எழுதியிருக்கிறியள். பதிலைக் காணேல்லை. எங்கை வைச்சனியள்?’ என்று கேட்டிருந்தார். பொடியன் என்னைச் சந்தேகிக்கவில்லை. நான் எழுதினால் அது உண்மையாகத்தான் இருக்கும், காகிதம்தான் எங்கோ தவறியிருக்கும் என்று நம்பியிருந்தார். அந்த நம்பிக்கைதான் எனக்குத் தாங்கவில்லை. நேரில் காணும்போது சொல்லலாம், ஆவணியில் லீவில் வருவார்தானே என்று தாளை அலுமாரியின் இழுப்பு லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

ஆடி வந்தது. அது என்ன ஆடி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் தமிழர் வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள், வெள்ளவத்தை வீடும் எரிந்துபோனது என்று முதலில் கேள்விப்பட்டோம். கப்பலில் அகதிகள் வருகிறார்கள் என்றதும் காங்கேசன்துறைக்கு ஓடினேன். இறங்கிய ஒவ்வொருவரிடமும் சிவராசாவைக் கேட்டேன். கந்தோரிலிருந்து பஸ் எடுக்க நடந்து போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அடுத்த கப்பலுக்கும் போனேன், அதற்கடுத்ததற்கும் போனேன். நீயும் ஒருமுறை கூடவே வந்தாய், சோடாப் போத்தல் வாங்கித் தந்தேன்.

சில மாதம் கழித்து, அறிவிக்காமல் வேலைக்கு வராததால் அவர் பதவியை விட்டு நீங்கியவராகக் கருதப்படுகிறார் என்று கந்தோர் முடிவெடுத்தது. மிச்சக் கடனைப் பிணையாளியின் சம்பளத்தில் கழிக்கத் தொடங்கினார்கள். அப்படித்தான் உன் அம்மாவுக்குத் தெரியவந்தது. சம்பளத் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வெடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். விசயத்தைச் சொன்னதும், “அந்தப் பிள்ளைக்குத் தாய் தேப்பன் இருக்கினமோ?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறார்கள். ஒருமுறை அவர்களைப் பார்க்கப் புறப்பட்டு, அவர்களுடைய ஒழுங்கை வரைக்கும் போய், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். என்ன சொல்லியிருப்பேன்? மாதாமாதம் சம்பளம் கழிபட்டது மட்டும்தான் எனக்கு ஓரளவு நிம்மதி. கடைசி மாதம் முழுச் சம்பளம் வந்தபோது உன் அம்மா சந்தோசப்பட்டாள், நான் அழுதேன்.

இப்போது கணக்குப் போட்டுப் பார், மகனே, உனக்காவது விடை வருகிறதா என்று. நான் நேர்மையாக ‘பதில் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் என் மாற்றம் வந்திராது. ஆடியில் அந்த மேசையில் நான் இருந்திருப்பேன், அந்த அறையில் நான் இருந்திருப்பேன். பஸ் எடுக்கப் போனது நானாக இருந்திருக்கும். பொய் சொன்னதால் உனக்குத் தகப்பன் மிஞ்சினான். அப்படியென்றால் பொய் நல்லதா? அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சிவராசா வராவிட்டால் வேறு யாராவது வந்திருப்பார்களா, அதுவும் தெரியாது. என் ஐயவினா உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கடன் நின்றிருக்குமா? அதுவும் தெரியாது. கடிதம் ஏற்கெனவே போய்விட்டது, கேட்கிற அதிகாரம் மட்டும் உள்ளவன் எதைத்தான் நிறுத்த முடியும்? ஆனால் நீ எழுதியிருக்கிறாய், அந்த இயந்திரங்கள் இன்னும் பெட்டியைப் பிரிக்காமலே கிடக்கின்றன, கூட்டுத்தாபனத்தை இழுத்து மூடிவிட்டார்கள், கடனை அரசாங்கத்தின் திறைசேரி கட்டிக்கொண்டிருக்கிறது என்று. இவ்வளவு காலமும் யாருக்கும் இது எப்படித் தெரியாமல் போனது என்று குழுவில் கேட்கிறார்களாம். அவர்களுக்கு முன்னால் கோப்பை வைக்க வேண்டியவன் நீ. எப்படித் தெரியாமல் போனதென்றால், உன் அப்பா பதில் கிடைத்தது என்று எழுதிவிட்டதால்தான்.

உன் அம்மா இன்று காலையும் வாதாடினாள். “எத்தினை பேர் கையெழுத்து வைச்சு விழுங்கினவை? அவையைக் கேக்கட்டும். நீங்கள் ரெண்டு சொல்லு எழுதினது ஒரு குற்றமோ?” என்றாள். “அவையைக் கேக்கிறதுக்கெண்டு இருந்த ஆள் நான்தானே” என்றேன். “அப்ப பிள்ளைக்கு என்ன எழுதப் போறியள்?” என்றாள். “எனக்கு ஏலாமல் கிடக்கு” என்றேன். அது உண்மை. பென்சனை நினைத்தால் பயமாக இருக்கிறது. தகப்பனின் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தான் என்று உன் கந்தோரில் உன்னை ஒருமாதிரிப் பார்ப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. இதற்கெல்லாம் எனக்கு விடை தெரியாது. தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் எழுத்து விளங்காத எழுத்து இல்லை. நாலாம் வகுப்பிலேயே அதற்காகப் பரிசு வாங்கியவன் நான். விளங்கவில்லை என்று நீ எழுதினால், அதுவும் பதில் எழுதும் பக்கத்தில் இட்ட பொய்தான். உனக்குப் பிறகு அந்த மேசைக்கு வருகிற பிள்ளை உன்னை நம்பி, காகிதம் எங்கே என்று தேடும். அந்தக் கேள்வியை ஒளித்துவைக்க நீ ஒரு லாச்சியைத் தேட வேண்டிவரும். நான் பன்னிரண்டு வருசமாக அந்த லாச்சியைச் சுமக்கிறேன். உனக்கு அது வேண்டாம்.

ஆகவே உன் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். வலப்பக்கத்தில் பேனையால் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘ஓம், எழுதியது நான். அது உண்மையல்ல. பதில் கிடைக்கவில்லை.’ கையெழுத்துப் போட்டுத் திகதியும் இட்டிருக்கிறேன். உன் பென்சில் வரியை அழித்துவிட்டேன், அதைக் குழு பார்க்க வேண்டியதில்லை. அழிக்க முதல் பலமுறை வாசித்தேன். அந்த வரிக்கு நான் உனக்கு எவ்வளவு நன்றியுள்ளவன் என்று சொல்லத் தெரியவில்லை.

எழுதி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் உன் அம்மா என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளுக்கு முன்னால் இருக்கிறாள், கையில் பேனை. அரச ஆவணம், தொடாதே என்று கத்தினேன். அதற்குள் வழக்கம்போல மடிப்பைத் தாண்டி எழுதிவிட்டாள்: ‘பிள்ளை, அப்பா சொன்னபடி குடு. பென்சன் நிண்டால் பாப்பம். நேரத்துக்குச் சாப்பிடு.’ இதைக் குழுவுக்கு எப்படிக் காட்டுவாயோ எனக்குத் தெரியாது. இன்னொரு தாளில் எழுதலாமென்றால் அவள் விடவில்லை.

கடிதத்துக்குள் பழைய தாள் ஒன்றும் இருக்கும். சிவராசாவின் தாள். நாரந்தனையை விட்டு ஓடிவந்தபோது ஆளுக்கொரு பைதான் எடுத்தோம். காணி உறுதிகளோடு அதையும் எடுத்து வைத்ததைப் பார்த்து உன் அம்மா என்னவென்று கேட்டாள், அப்போதும் சொல்லவில்லை. இன்று அதன் வலப்பக்கத்தில் எழுதலாமென்று பேனையைத் திறந்தேன். எழுதி யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் மூடிவிட்டேன். நீ அதைக் கோப்பில், என் தாளுக்கு முன்னால் வை. வலப்பக்கம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று குழுவில் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவன் என் தகப்பன், அவன் சொல்லவில்லை என்று சொல்லு. கேட்ட பிள்ளை சரியாகத்தான் கேட்டது என்றும் சொல்லு.

உன்
அப்பா